எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை

மூன்று நாள் எழுதி எழுதி அழித்துவிட்டு, நான்காம் நாள்தான் அப்சர் அந்தக் கேள்வியை அனுப்பினான். மனைவி இறந்துபோனால் மையித்தைக் கணவன் குளிப்பாட்டலாமா? நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். பெயர் போடவில்லை.

கும்பகோணத்தில் மருந்து மொத்தக்கடையில் அவனுக்கு வேலை. மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவான். வளைகுடாவில் பிழைக்கப் போன தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள், மார்க்கச் சந்தேகங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு நடத்திவந்தார்கள். கேட்பவரின் சொந்த விவரத்தை யாரும் கேட்கக்கூடாது என்பது முதல் விதி.

மறுநாள் பதினொரு பதில் வந்திருந்தது. விதியை எழுதிய ஷார்ஜா மீரா உசேனே முதல் ஆளாகக் கேட்டிருந்தார்: "தம்பி ஹனஃபியா, ஷாஃபியா? எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள? தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்." மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி பிரிவுக்காரர்களுக்குக் கூடும் என்றார் ஒருவர். ஹனஃபிகளுக்குக் கூடாது என்றார் இன்னொருவர். முகம் பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் தடை இல்லை என்று ஒரு வரி. நண்பருக்கு வயதென்ன, பிள்ளைகள் உண்டா, நல்ல இடத்தில் பெண் இருக்கிறது என்று தோஹாவிலிருந்து ஒருவர். கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்: "நண்பருக்குன்னு கேக்குறவங்கள நெறைய பாத்தாச்சு. நீங்க குளிப்பாட்டுனீங்களா, உட்டுட்டீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அப்சர் எழுந்து வெளியே போனான். திரும்பி வந்து அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் படித்தான். மறுபடி எழுந்தான். கடைக்குப் போகாமல் மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறினான். குத்தாலம் வரை உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

அவன் மனைவி ரிஃப்கா இறந்து ஏழு மாதம். பிரசவத்துக்குத் தரங்கம்பாடியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள். குழந்தையும் தங்கவில்லை. பெண்கள் உள்ளே மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவைத்த நேரத்தில் மாமியார் ரஹ்மத் பீவி வாசலுக்கு வந்து, உள்ளே வாருங்கள், நீங்களும் ஒரு செம்பு ஊற்றுங்கள் என்று கூப்பிட்டார். அவர்கள் கடற்கரைப் பக்கத்து ஷாஃபிகள். அவன் ஹனஃபி. மூச்சு நின்றதும் புருஷன் அந்நியன் என்பார்கள் அவன் ஊரில். எங்கள் பக்கம் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு அவன் தெருவிலேயே நின்றான். முகம் பார்க்காமல் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்து போனதோடு சரி, அந்தப் பக்கமே வரவில்லை.

தரங்கம்பாடி வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். எதிர்பாராத வரவு என்றாலும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பாய் விரித்தார். அப்சர் உட்காரவில்லை.

"அன்னக்கி யாரு மாமி ஊத்துனா?"

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நாந்தான். பக்கத்து வூட்டு கமருன்னிஸா தண்ணி எடுத்துக் குடுத்துச்சு."

"ஏன் என்னைக் கூப்டீங்க?"

"எனக்கு முடியல மாப்புள. தலைய ஒரு கையில தாங்கிட்டு ஊத்தணும். பெத்த கை, நடுங்குது. நீங்க வந்து புடிச்சுக்கிட்டா ஆவும்னு பாத்தேன்."

அவன் ஏழு மாதமாகக் கூடுமா, கூடாதா என்று இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் படித்துக்கொண்டிருந்தான். ஒரு கை கேட்டார்கள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"பழக்கமில்லன்னு சொன்னேன்ல," என்றான். "அது இல்ல மாமி. பயந்துட்டேன். அந்த மொகத்தப் பாத்துட்டா அப்பறம் அதுதான் கண்ணுல நிக்கும்னு பயம்."

ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "வாசல்ல ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுது. அதான் ரெண்டாந்தடவ கூப்டல."

வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவர் குரல் கொடுக்கவில்லை.

"இப்ப எது நிக்கிது?" என்று கேட்டார்.

அப்சர் பாயில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமே நிக்கலங்க மாமி."

"எது தெரியணுமோ கேளுங்க," என்றார் அவர். "நான் பூராவும் பாத்தவ."

அவள் நெற்றியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான்.