பதினேழு காரணங்கள்

அன்று அவளுக்குக் கடைசி வேலைநாள்; மாலை ஐந்துக்குள் அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டும். மணி மூன்றரை. இன்னும் பதினேழு விதிகளுக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது.

மருத்துவமனைகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் அது. பதினொரு வருடமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒப்பந்த ஊழியராகவே. அதில் எந்த விதியை மாற்றினாலும் பக்கத்தில் ஏன் என்று இரண்டு வரி எழுதிவைப்பாள். அதனால் ஏனக்கா என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் குறிப்புகளே இப்போது அவளுக்கு வேட்டு வைத்தன. "அதான் எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே, இனிமே யார் வேணாலும் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். பாவி மனுஷன், பாராட்டுகிற குரலிலேயே சொன்னார்.

பழைய ஆட்கள் எழுதாமல் விட்டுப்போன இந்தப் பதினேழு மட்டும் அவள் மண்டைக்குள் இருந்தன.

திங்கள் முதல் அவள் வேலையைப் பார்க்கப்போகிற கண்ணாடிக்காரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, சொன்னா கேளுங்க. நாலஞ்ச எழுதாம விடுங்க. ஒரே மாசத்துல முழி பிதுங்கி உங்களத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"பிதுங்கப்போறது உன் முழிடா."

"பிதுங்கட்டும். நீங்க இருப்பீங்கல்ல?"

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். ஒன்பதாவது விதியில் கை நின்றது. 'நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்குக் காலை ஆறு மணி இடம் தராதே.' தெரியாதவன் பார்த்தால் வீண் என்று முதலில் இதைத்தான் அழிப்பான்.

பிறகு தட்டினாள்: 'அங்கிருந்து முதல் பேருந்தே ஐந்தரைக்குத்தான். வந்து சேர முடியாமல் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் மனைவி அழைத்தபோது நான்தான் தொலைபேசியை எடுத்தேன். தயவுசெய்து இதை எடுக்காதீர்கள்.'

கண்ணாடிக்காரன் படித்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். பதினேழும் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஐந்து மணிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவனும் மனிதவளப் பிரிவுக்கு வந்தான். அங்கே மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பணியாளர் எண், சேர்ந்த நாள், விடுவிக்கும் நாள் எல்லாம் அச்சாகியிருந்தன. விடுவிப்பதற்கான காரணம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

"இங்க ஒண்ணுமே போடலையே?" என்றான் கண்ணாடிக்காரன்.

"அது காலியா இருந்தாலும் சிஸ்டம் எடுத்துக்கும் சார்" என்றாள் அந்தப் பெண். "மேடம், நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க."