பால்குடத்து வெயில்

நல்ல நேரம் போய்விடப் போகிறதென்று அவசர அவசரமாகக் குடங்களைத் தலையில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் மேளம் வரவில்லை. குத்தம்பாக்கத்திலிருந்து வந்த வேன் வழியில் நின்றுவிட்டதாம். மேளமில்லாமல் கிளம்பக் கூடாது, ஏறின குடத்தைக் கோயில் போய்ச் சேரும் முன் இறக்கவும் கூடாது. அண்ணனூர் ஸ்டேஷனை ஒட்டிய அந்தத் தெருவில் மஞ்சள் புடவைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆடி மாத வெயில் கூரைகளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

வரிசையில் மூன்றாவதாக நின்ற மகள் ஜோதிகாவையும் ஏறுகிற வெயிலையும் சொர்ணம் மாறி மாறிப் பார்த்தாள். விடியற்காலையில் பாலோடு அவளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்ததே இவள்தான்.

ஜோதிகாவின் கழுத்திலும் கையிலும் வெண்திட்டுகள். வாரத்தில் இரண்டு நாள் மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஐந்தே நிமிடம் வெயில் காட்ட வேண்டும். பிறகு நாள் முழுக்க உடம்பை மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். "அதுக்கு மேல நின்னா தோல் வெந்து போயிடும்மா. இன்னிக்குத் தெரியாது, நாளைக்குக் கொப்புளமா கிளம்பும்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்று மாத்திரை நாள்கூட இல்லை. மருந்தும் அம்மனும் ஒரே நாளில் சேர்ந்தால் சீக்கிரம் குணமாகும் என்று சொர்ணம் தானாகக் கணக்குப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குப் போய்விடலாம் என்பதும் அவள் கணக்குதான். குடத்தோடு கறுப்புக் கண்ணாடி போட்டால் ஏனென்று கேட்பார்களே என்று அதை வீட்டிலேயே வைத்தாள். திட்டுகளை மறைக்க மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டாள். இரண்டு வருஷமாகத் தெருவில் ஒரு ஈ காக்கைக்குக்கூட விஷயம் தெரியாது.

"அண்ணே, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கமிட்டித் தலைவர் பச்சையப்பனிடம் கேட்டாள்.

"தோ வந்துகினே கீறாங்கம்மா."

அதையேதான் அவர் முன்பும் சொன்னார். நிழல் சுவரோரம் சுருங்கிவிட்டது. ஜோதிகா கண்ணை இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். சொர்ணம் முந்தானையை விரித்து அவள் கழுத்துக்கு மறைவு கட்டப் பார்த்தாள். பின்னால் நின்றவள் சிரித்தாள்.

"இன்னாக்கா, உம்பொண்ணு மட்டும் வெயில்ல கரைஞ்சிடுமா?"

சொர்ணம் இரண்டு கையாலும் மகள் தலையிலிருந்த குடத்தைத் தூக்கி இறக்கினாள்.

"இன்னாம்மா பண்றே, வேண்டுதல் இன்னாவறது?" என்று பச்சையப்பன் ஓடிவந்தார்.

"எம்பொண்ணுக்குத் தோல்ல வெள்ளை கீதுண்ணே. மாத்திரை சாப்புடுது. வெயில்ல நின்னா வெந்துடும்."

தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. வரிசையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொர்ணம் குடத்தைப் பச்சையப்பன் கையில் திணித்துவிட்டு, மகளை இழுத்துப்போய் மளிகைக்கடைக்குள் உட்கார வைத்தாள்.

"எங்கனா எரியுதாடி?"

"கழுத்தெல்லாம் சுள்ளுனு குத்துதும்மா."

"எப்போலேந்து?"

"கொடத்தைத் தூக்குன கொஞ்ச நேரத்துலயே."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

ஜோதிகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் காதுலயும் வுழக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிக்கினே இருந்தே."