எதிரணித் தலைவரின் பச்சிலை

சென்னியப்பன் பேசினால் மைக் தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். மைக் இல்லாமல் அவர் பேச மாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ராசிபுரத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்று, செம்மேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். கீழே போனால் அவர் பல பேச்சாளர்களில் ஒருவர். மேலே அவர் ஒருவர்தான் பேச்சாளர். காதுகுத்தோ, கட்சிக்காரர் பிறந்தநாளோ, ஒலிபெருக்கி கட்டிய இடத்தில் அவர் இருப்பார். ஒலிபெருக்கிக்காரன் குழாய், பெட்டி, ஒயரோடு அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வருகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

வீட்டில் அவர் பேச்சைக் கேட்க மனைவி கிருஷ்ணகுமாரி இருந்தாள். வேறு வழியில்லை, அவளால் எழுந்து போக முடியாது. மார்பில் தொடங்கிய புற்று இடுப்பெலும்புக்கு வந்துவிட்டிருந்தது.

கீழே பெரிய ஆசுபத்திரியில் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது நல்ல மாத்திரைதான். ஆனால் அதை வாங்கக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். கார் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அவளுடைய எலும்பும் உள்ளே தனியாக ஒரு முறை திரும்பும். கடைசியாக இறங்கியபோது காரவள்ளிச் சமதரைக்கு வந்ததும் அவள் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, இனி என்னை எறக்கோணும்னா மூங்கில்ல கட்டி எறக்குங்க" என்றாள். அந்த மாத்திரையும் தீர்ந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா தென்கோடியிலிருந்து மாற்றலாகி வந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அந்த மாத்திரைய இங்க வைக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார். ஆளக் கொண்டுபோய்க் காட்டினாத்தான் அங்கயும் திரும்பத் தருவாங்க. நான் ஊசி போடுதேன். ஆனா இந்த வலிக்கு அது காணாது" என்றாள். போதவில்லை. கிருஷ்ணகுமாரி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சென்னியப்பன் பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

வீட்டு வேலைக்கு வரும் ஆயம்மாள்தான் ஒருநாள் முந்தானைக்குள் ஒரு தூக்குப்போசியை மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் நல்லமுத்து, மலைக்குள்ளேயே குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலுக்குப் பூசாரி. ஆயம்மாள் பாலைச் சுடவைத்து, போசியில் இருந்ததைக் கலக்கி, கருப்பட்டி போட்டு, கிருஷ்ணகுமாரியின் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"என்ன ஆயம்மா அது?"

"பச்சலைங்க சார்."

"என்ன பச்சலை?"

"பேரு கேக்காதீங்க. கேட்டா பலிக்காது."

"பலிக்காதா, ஜெயிலா?"

"ரெண்டும்தானுங்க."

அந்த வாசனை சென்னியப்பனுக்குத் தெரியும். பள்ளி விடுதியின் பின்பக்கம் அதே வாசனைக்காக இரண்டு பையன்களைப் பிரம்பு முறியும்வரை விளாசி, மறுநாள் காலை வழிபாட்டில் அதைப் பற்றி வெயில் ஏறும்வரை பேசியவர் அவர். இப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மிளகுக்கொடியைப் பார்த்தபடி நின்றார். உள்ளே திரும்பி வந்தபோது கிருஷ்ணகுமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, புருவ முடிச்சு அவிழ்ந்து, கல்யாணமான புதிதில் தூங்கியதைப் போல.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் பச்சிலை. உலகத்தில் எத்தனையோ பச்சிலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என்று மட்டும் தெரிந்துகொள்ள ஒரு தமிழாசிரியருக்கு உரிமை உண்டு என்று அவர் முடிவு செய்தார்.

செடி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். மலையில் தெரியாதவர் யார்? அமாவாசைக்கு முனியப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் சிலும்பி என்கிற புகைக்குழலும் படைப்பது வழக்கம். சிலும்பிக்கு வேண்டியது கோயிலின் பின்பக்கம் நாலைந்து செடியாக நிற்கும். ஸ்டேஷன் ஏட்டு அமாவாசை தவறாமல் வந்து, செருப்பைக் கழற்றி, பின்பக்கம் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுப் போவார். சாமிக்குப் படைத்ததில் மிச்சம்தான் கிருஷ்ணகுமாரிக்கு வந்தது.

ஆடித் திருவிழாக் கூட்டம் மலையேறும் சமயத்தில் தனபால் தன் சொகுசு விடுதியின் புல்வெளியில் பட்டிமன்றம் வைத்தார். "மருந்துக்கும் மகிழ்வுக்கும் கஞ்சாவை அனுமதிக்கலாமா? கூடாதா?" என்று பேனர் கட்டியிருந்தது. தலைப்பை எடுத்துக் கொடுத்தவர் நடுவர் இளங்கோ. நாமக்கல்லில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் மருமகள் தலைப்பு சலித்துப்போய்விட்டது, இளைஞர்களை இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. போலீஸ் ஆய்வாளர் அருணாசலம் சிறப்பு விருந்தினர்.

அனுமதிக்கலாம் அணிக்குப் பேராசிரியை மைதிலி தலைவர். கூடாது அணிக்குச் சென்னியப்பன். உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பது பட்டிமன்ற மரபில்லை. கொடுத்த பக்கத்துக்கு ரத்தம் கொதிக்க வேண்டும், அதுதான் தொழில். போன வருஷம் ராசிபுரத்தில் கூட்டுக் குடும்பத்துக்காக அழுதவர் சென்னியப்பன். அடுத்த வாரமே சேந்தமங்கலத்தில் தனிக் குடும்பத்துக்காக அழுதார். இரண்டு ஊரிலும் கைக்குட்டை நனைந்தது.

புறப்படும்போது கிருஷ்ணகுமாரி விழித்திருந்தாள்.

"எந்தப் பக்கமுங்க குடுத்திருக்காங்க?"

"கூடாதுங்கிற பக்கம்."

அவள் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. "அப்படியா. அந்த டம்ளர எனக்கு எட்டறாப்பல வெச்சுட்டுப் போங்க."

அவர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"பாத்துப் பேசுங்க" என்றாள். "நாலு பேரு கை தட்டிட்டா உங்களுக்குக் கண்ணு தெரியாது."

புல்வெளி நிறையக் கூட்டம். விடுதியில் தங்கியிருந்த பெங்களூர்ப் பையன்கள் மாடி வராந்தாவில் சாய்ந்துகொண்டு எதையோ உருட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை காற்றில் மெல்ல இறங்கி மேடைக்கு வந்தது. நடுவர் மூக்கை உறிஞ்சி, மலைக்காற்றே ஒரு மருந்து என்றார். ஆய்வாளர் ஆமோதித்துத் தலையாட்டினார். விடுதி தனபாலுடையது, ஆய்வாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் தனபாலுடையது.

மைதிலி வழக்கமாகப் புள்ளிவிவரம் பேசுவாள். புள்ளிவிவரத்தைச் சென்னியப்பன் ஒரு கொட்டாவியில் தோற்கடித்துவிடுவார். அன்றைக்கு அவள் எங்கோ கடல் கடந்த நாட்டில் புற்றுநோயில் கிடந்த ஒரு தாயைப் பற்றிப் பேசினாள். "சட்டப் புத்தகத்துக்கு வலிக்காது நடுவர் அவர்களே, எலும்புக்கு வலிக்கும்!" என்று குரலை உடைத்தாள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் விடுதிச் சுவரில் மோதித் திரும்பியது.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தாய்க்கு வலிக்கிறதே என்றல்ல. தன் மலையில், தன் மைக்கில், இன்னொருத்தி அழவைக்கிறாளே என்று.

அவர் எழுந்தார். இளைஞர் சமுதாயம் என்றார், சீரழிவு என்றார். தலைகள் கைப்பேசிக்குள் குனிந்தன. பாரத மாதாவைக் கூப்பிட்டார், அவளும் வரவில்லை. நடுவர் மணியின் மேல் கையை வைத்தார். அந்தக் கையைப் பார்த்ததும் சென்னியப்பனின் நாக்கு அவரைக் கேட்காமல் கிளம்பியது.

"பேராசிரியை அயல்நாட்டுக்குப் போனார். நான் குண்டூர் நாட்டுக்குப் போகிறேன் நடுவர் அவர்களே! இதே மலையில், முனியப்பன் கோயிலுக்குப் பின்னால், கொழுகொழுவென்று வளர்கிறது கஞ்சாச் செடி! சாமி பெயரைச் சொல்லி வளர்க்கிறார்கள்! முனியப்பன் புகைப்பது மருந்துக்கா, மகிழ்வுக்கா? அவருக்கு என்ன மூட்டுவலியா?"

கூட்டம் வெடித்தது. விசில் பறந்தது. மாடிப் பையன்கள் புகையோடு கையைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். "காவல்துறை எங்கே? கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறதா?" என்று ஒரு வரி கூடுதலாக வந்து விழுந்தது. அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். ஆய்வாளரும் பழக்க தோஷத்தில் தட்டினார். பிறகு முன்னால் நின்ற வீடியோ கேமராவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மருந்துக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், மகிழ்வுக்கு வேண்டாம், எதுவானாலும் அரசு பார்த்துக்கொள்ளும், இரண்டு அணியிலும் வென்றது தமிழே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். சென்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்தபோதும் அது தோளில் இருந்தது.

மறுநாள் காலையிலேயே ஜீப் குண்டூர் நாட்டுக்குப் போனது. எல்லோருக்கும் தெரிந்த செடிதான். ஆனால் மைக்கில் சொல்லி, கேமராவில் பதிந்தது அன்றைக்குத்தான். செடிகளை வேரோடு பிடுங்கி, ஜீப்பின் முன்னால் பரப்பி, பின்னால் நல்லமுத்துவை உட்காரவைத்து, ஆய்வாளர் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஏட்டு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பிடுங்கினார் என்று சொன்னார்கள். நல்லமுத்துவைக் கீழே கொண்டு போனார்கள். ஜாமீன் எளிதில் கிடைக்காத வழக்கு.

ஆயம்மாள் வேலைக்கு வரவில்லை. மத்தியானத்துக்குள் கிருஷ்ணகுமாரிக்கு வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் தலையணை உறை கிழிந்தது.

சென்னியப்பன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ஆயம்மாள் வீட்டு முன்னால் மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே போய்வர ஒரு பையில் துணி எடுத்து வைத்திருந்தது.

"வாங்க சார். நேத்து நானும் வந்திருந்தேனுங்க. தனபாலு சேர் தொடைக்கக் கூப்பிட்டிருந்தாரு."

அவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"நல்லாப் பேசுனீங்க. நானும் கை தட்டுனேன். நீங்க பேசுனா தட்டிப் பழக்கம். தட்டிப்போட்டுத்தான் சார், அது எங்க ஊட்டுக்காரரப் பத்தின பேச்சுன்னு வெளங்குச்சு."

"ஆயம்மா, அது ஒரு பேச்சுக்கு..."

"ஆமாங்க. ஜீப்பு பேச்சுக்கு வரலீங்களே."

"நான் ஆய்வாளர்கிட்டப் பேசறேன்."

"இன்னும் பேசறீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டார். "பச்சிலை... ஊட்ல மிச்சம் மீதி ஏதாவது இருக்குதா ஆயம்மா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பானையெல்லாம் கவுத்துப் பாத்துட்டுப் போயிட்டாங்க. வர்ற அமாவாசைக்குச் சாமிக்கே இல்லீங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க ஊட்டம்மா பாவமுங்க. அவங்க கை தட்டக்கூட வரல."

திரும்பும் வழியில் தனபால் விடுதி முன்னால் ஸ்கூட்டர் தானாக நின்றதுபோல் நின்றது. மேல் வராந்தாவில் அதே பையன்கள், அதே புகை. அவர்களிடம் ஜீப் போகவில்லை. அவர்களைப் பற்றி யாரும் மைக்கில் பேசவில்லை. சென்னியப்பன் படியேறினார். பொண்டாட்டிக்கு வலி, கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு வரிப் பேச்சு. வாழ்நாளில் அவர் பேசியதிலேயே சின்னது.

"அங்கிள்! நேத்து செம்ம அங்கிள் நீங்க! மூட்டுவலி மேட்டர் வேற லெவல்!" என்று ஒருவன் ஓடிவந்தான். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். கையிலிருந்ததை மரியாதைக்கு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவரை நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். "போதைக்கு எதிரான போராளி!" என்றான் இன்னொருவன். சென்னியப்பன் கைகூப்பினார். கும்பிட்ட கையோடு படியிறங்கி வந்துவிட்டார்.

வீட்டு வாசலுக்கே சத்தம் கேட்டது. பெண்பிள்ளையின் சத்தமாகவே இல்லை. ஸ்டெல்லா வந்து ஊசி போட்டிருந்தாள். "ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டாள். வளைவு என்ற சொல்லை யாரும் சொல்லாமலே கிருஷ்ணகுமாரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஸ்டெல்லா போனாள்.

"டம்ளரு..." என்றாள் கிருஷ்ணகுமாரி.

"இல்ல குமாரி."

"ஆயம்மா வரலயா?"

"வர மாட்டா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வலி ஒரு மூச்சு விட்டுக்கொடுத்த இடைவெளியில் எல்லாம் அவளுக்குப் புரிந்தது. "ரொம்பக் கை தட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் செல்பேசி அடித்தது. நடுவர் இளங்கோ. அவர் குரல் வெளியே நன்றாகக் கேட்கும்.

"சென்னியப்பன் சார்! நம்ம வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது! அடுத்த மாசம் ஈரோட்ல இதே தலைப்பு. பெரிய மேடைங்க. ஒரே ஒரு சங்கடம். மைதிலி மேடத்துக்குத் தேதி ஒத்து வரல. நீங்க அனுமதிக்கலாம் பக்கம் பேசோணும். உங்களுக்கு எந்தப் பக்கம்னா என்னங்க? மருந்து, வலி, அந்தப் பக்கம் கொஞ்சம் உருக்கமா இருந்தாப் போதும்."

கிருஷ்ணகுமாரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள். ஆரம்பத்தில் மெல்ல, பிறகு இழுத்து, பிறகு உடைந்து.

"என்ன சார் சத்தம்?"

"டிவிங்க" என்றார் சென்னியப்பன். "நான் யோசிச்சுச் சொல்றேன்."

செல்பேசியை வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் நகம் அவர் உள்ளங்கையில் இறங்கியது. வேண்டாம், பேசப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் நினைத்தார். அவள் மறுபடி முனகினாள். எங்கே உடைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று அவர் காது கவனித்தது. எலும்புக்கு வலிக்கும் என்று மைதிலி குரலை உடைத்த இடம் தப்பு. அதற்கு முன்னாலேயே உடைத்திருக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, என் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும்.

"ஏனுங்க," பல்லைக் கடித்தபடி கிருஷ்ணகுமாரி கேட்டாள், "உங்க ஒதடு ஏன் அசையுது?"