ஆளுக்கு அரை மணி

பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசருக்கு அவர் சர்வீஸிலேயே கைதட்டல் விழுந்தது ஒரே ஒரு நாள்தான். ஷிப்ட் இனி ஐந்து மணிக்கு இல்லை, நாலரைக்கே முடியும், காலையில் அரை மணி முன்னால் வந்தால் போதும் என்று அவர் ஹாலில் நின்று அறிவித்த நாள் அது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம் என்றதும் பெண்கள் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மனுஷன் அன்று தரையில் நடக்கவில்லை.

அது அவருடைய சொந்த யோசனை. மாநிலம் முழுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவர்களைத் திரும்பச் சேர்த்து, பட்டம் வாங்கும்வரை கைவிடாமல் கொண்டுபோக வேண்டும் என்று கல்லூரிகள், தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரிகள், பேருந்துக் கழகம் எல்லாரும் கைகோத்திருந்தார்கள். பெரிய கூட்டம் போட்டு, எங்களால் ஆனதைச் செய்வோம் என்று மேடையில் ஆளாளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். எதைச் செய்யப்போகிறோம் என்று மட்டும் யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

பேக்கிங் பிரிவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி அவர் மனைவி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கும்போது மகள் வயிற்றில் வந்தாள், படிப்பு அதோடு நின்றது. அந்த மகளே இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். ஷிப்ட் ஐந்துக்கு முடிந்து, பஸ் பிடித்துப் போவதற்குள் வகுப்பின் முதல் அரை மணி பறிபோய்விடும். அதை மீட்டுக் கொடுக்கத்தான் அவர் மேனேஜரை நச்சரித்து நேரத்தை மாற்ற வைத்தார்.

லேப் வகுப்பு தொடங்கிய வாரத்தில் ஒரு ராத்திரி மனைவி வீட்டுக்கு வந்தபோது, பாராட்டை எதிர்பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் பையைத் தொப்பென்று போட்டாள்.

“ஏங்க, எங்களைச் சீக்கிரம் விடச் சொல்லி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?”

“என்ன இப்படிக் கேக்குற? உங்களுக்காகத்தானே…”

“அப்பா, அம்மா உங்களைப் பாராட்டுறாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க” என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீ சும்மா இருடி. ஏங்க, நாங்க லேட்டா வர்றோம்னு பாவப்பட்டு காலேஜுல வகுப்பையே அரை மணி தள்ளி வச்சுட்டாங்க. நீங்க ஷிப்டை முன்னாடி இழுத்தீங்களா, பஸ்காரங்களும் உங்களைப் பாத்து வண்டியை முன்னாடி இழுத்துட்டாங்க. போறதும் முன்னாடி, கடைசி வண்டி திரும்புறதும் முன்னாடி. சாயங்காலம் காலேஜ் வாசல்ல மரத்தை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம். ராத்திரி லேப் சூடு பிடிக்கும்போது, பஸ்ஸு போயிடும்னு எழுந்து ஓடியாறோம்.”

“அப்போ…”

“முன்னாடி தலையில அரை மணி போச்சு. இப்ப வாலுல அரை மணி போகுது. அவ்வளவுதான் உங்க உபகாரம்.”

அவருக்கு முகம் சுண்டிப்போனது. “சரி விடு. நான் ஸ்கூட்டர்ல வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்.”

“என்னைக் கூட்டிட்டு வருவீங்க. மத்த பதினோரு பேரை? பின்னால கயிறு கட்டி இழுத்துட்டு வருவீங்களா?”

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். “லேப் முழுசா முடிக்கலேன்னா பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க. திரும்பச் சேர்க்குறது ஒரு தடவைதான். இதையும் விட்டா எனக்கு அவ்வளவுதாங்க.”

அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றார். “நீங்கதானே மாத்தச் சொன்னீங்க? நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க” என்று மேனேஜர் கழன்றுகொண்டார். சூப்பர்வைசர் பஸ் டிப்போ மேலாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு கல்லூரி முதல்வர் அறைக்குப் போனார். முதல்வர் கண்ணாடி போட்ட அம்மா, சிரித்த முகம்.

“வாங்க வாங்க. எங்களால முடிஞ்ச ஒத்தாசை, வகுப்பை அரை மணி தள்ளிட்டோம். சௌகரியமா இருக்கா?”

“நாங்க வண்டியை அரை மணி முன்னாடி விட்டுட்டோம் மேடம்” என்றார் டிப்போ மேலாளர், மீசையைத் தடவியபடி.

“நான் ஷிப்டை…” என்று இழுத்தார் சூப்பர்வைசர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல்வருக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அட கடவுளே! ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கோமே. ஒரு போன் போட்டுப் பேசியிருக்கலாமே சார்!”

“நீங்க போட்டிருக்கலாமே மேடம்” என்றார் டிப்போ மேலாளர்.

“சரி, யாராவது ஒருத்தர் பழையபடி மாத்திக்கணும். நான் மாத்தலாம்னா, இந்த நேரத்தை நம்பி ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்குறவங்க ஒரு கூட்டமே புதுசாச் சேர்ந்திருக்காங்க. அவங்க டியூட்டி முடிஞ்சு வர்றதுக்கு இதுதான் தோது. இழுத்தா அவங்க விழுந்துடுவாங்க.”

“என்னைப் பாக்காதீங்க” என்றார் டிப்போ மேலாளர். “பாக்டரி நேரம் எதுவோ அதுதான் என் வண்டி நேரம். ஷிப்ட் அஞ்சுக்கு முடிஞ்சா, போற வண்டி சரியா வகுப்பு தொடங்கும்போது வந்துடும், கடைசி வண்டியும் பழையபடி வகுப்பு முடிஞ்சப்புறம்தான் காலேஜைத் தாண்டும்.”

இருவரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த மேஜைத் தட்டல் காதில் கேட்டது. இத்தனை வருஷம், வேகம் போதவில்லை, பேச்சைக் குறைங்க என்று தொண்டை கிழியக் கத்தி வாங்கிய கெட்ட பெயர், அந்த ஒரு நாளில்தான் கொஞ்சம் கழுவப்பட்டிருந்தது. இப்போது மறுபடியும் அதே ஹாலில் போய் நிற்க வேண்டும்.

“நான் மாத்திக்கிறேன் மேடம். ஆனா இனிமே யாரு என்ன நல்லது பண்ணாலும், மத்த ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுவோம்.”

“ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கலாம்” என்றார் முதல்வர். “மாசம் ஒரு தடவை நாலு பேரும் உக்காந்து பேசுவோம். மத்த ஊர்க்காரங்களுக்கும் எழுதிப் போடுறேன். அங்கயும் இதே கூத்துதான் நடக்குதோ என்னவோ!”

திங்கள்கிழமை காலை சூப்பர்வைசர் ஹாலில் போய் நின்று, ஷிப்ட் மறுபடியும் ஐந்துக்குத்தான் முடியும் என்று சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். பாதிப் பேர் காதில் வாங்கவே இல்லை. “ஓ…” என்று ஊளைச் சத்தம் கிளம்பியது. “குடுத்ததைப் புடுங்குறீங்களே சார்!” என்று ஒரு குரல். “இதெல்லாம் ஒரு நியாயமா சூப்பர்வைசர் சார்!” என்று எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், அது அவர் மனைவி. கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். “ஏம்மா, நீயுமா?”

“பின்னே? எல்லாரும் கத்தும்போது நான் மட்டும் கம்முனு நின்னா, பொண்டாட்டிக்காக மாத்திட்டாருன்னு பேசமாட்டாங்களா? உங்க மானத்தைக் காப்பாத்தத்தாங்க கத்தினேன்.”

“அதுக்கு அவ்வளவு சத்தமாவா?”

“கொஞ்சம் நிஜமாவும் கத்தினேன்” என்றாள். “சீக்கிரம் வீட்டுக்கு வர்றது எனக்கும் பிடிச்சுதான் இருந்துது.”

பேக்கிங் பிரிவில் சில வாரம் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பழகிவிட்டது. பன்னிரண்டு பேரும் விட்டுப்போன பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்தார்கள். லேப் முடிந்து விளக்கை அணைத்த பிறகுதான் கடைசி பஸ் ஏறினார்கள்.

கடைசிப் பரிசோதனை முடிந்த அன்று அவர் தட்டு வைத்துக் காத்திருந்தார். மகள் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்குப் போட்டியாகப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி வந்து கை கழுவினாள், ஆனால் உட்காரவில்லை.

“முடிஞ்சுதுங்க. பரீட்சைக்குப் பேர் குடுத்துட்டாங்க. இன்னிக்கு பியூரெட் குழாய்ல இருந்து சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் ஆகல, பச்சத்தண்ணி மாதிரி கிடக்கு. இன்னும் ஒரே ஒரு சொட்டு. குப்புனு ரோஸ் கலர்! ஆட்டுறேன், போகவே மாட்டேங்குது!”

அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உக்காரு. அந்த ஒரு சொட்டுல என்னதான் இருந்துது? முதல்லேர்ந்து சொல்லு.”