மூன்றாம் நாள் காலை: ஜெனரலைச் சந்திக்கிறோம்

1

இந்தக் கதை ஒரு பயணத் திட்டத்திலிருந்து பிறந்தது. அந்தத் திட்டத்தை எழுதியவள் நான்தான். லுவாங்குவா ஆற்றங்கரையில், காட்டு விலங்குகளைப் பார்க்க வருபவர்கள் தங்கும் ஒரு விடுதியில் எட்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. யார் எந்த வண்டியில் போவது, சிறுத்தையை எங்கே தேடுவது, காலைக் காப்பிக்கு எந்த மரத்தடியில் நிறுத்துவது. மூன்றாம் நாளுக்கு இப்படி எழுதியிருந்தேன்: 'காலை ஆறு மணி. ஜெனரலைச்* சந்திக்கிறோம். உள்ளூர்வாசி ஒருவரைக் கொன்ற, ஒற்றைத் தந்தம் கொண்ட கம்பீரமான ஆண் யானை.'

அந்த உள்ளூர்வாசியின் பெயர் லாக்சன் சகாலா. எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அடக்கத்தன்று மற்றப் பெண்களோடு நின்று சோளமாவில் ன்ஷிமாக் களி கிளறியவள் நான். யானைக்குப் பெயர் எழுதிய கை அவருக்கு எழுதவில்லை.

(* இந்தப் பெயரை வைத்தது யாரோ ஒரு விருந்தாளி. ஊருக்குள் நாங்கள் 'அது' என்போம்.)

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆற்றின் மேல் பொன்னிறச் சூரியன் மெல்ல —'

விளம்பரத் தாளில் வருடக்கணக்காக நான் விற்ற அதே சூரியன். விட்டுவிட்டேன்.

பிறகு: 'செலிப்பா ஓர் அபலை விதவை —'

இதுவும் பொய். லாக்சனின் மனைவி செலிப்பா எங்கள் விடுதியில் துணி துவைத்துத் தேய்ப்பவள். சமையல்காரர்களே அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போவார்கள். துவைக்கும் முன் ஒரு விருந்தாளியின் கால்சட்டைப் பையைத் துழாவியபோது என் திட்டத்தாள் அவள் கையில் வந்தது. ஈரக்கையோடு என் மேசைக்கு வந்தாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா, சிசோமோ அம்மா." மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவோம்.

"உள்ளூர்வாசின்னா யாரு?"

தாளை வாங்கக் கை நீட்டினேன்; அவள் விடவில்லை.

"விடியக்காலைல சோளக்காட்டுல தகரத்தத் தட்டிக்கிட்டு நின்ன மனுஷன். உன் வீட்டுக் கூரைக்குப் புல் அறுத்துக் குடுத்தவரு. பேரு மறந்து போச்சா? ஆனைக்கு மட்டும் பட்டாளத்துப் பேரு."

"மாத்திடறேன்."

"மாத்து. முழுப் பேரையும் போடு."

3

போட்டேன். மேலாளர் கிரெக் அதை அடித்தார்.

"பேர் போட்டா துக்க வீடு மாதிரி ஆயிடும். அவங்க சந்தோஷமா இருக்க வர்றாங்க."

"அப்ப அந்த யானையையும் எடுத்துடலாம் சார்."

"அதப் பாக்கத்தானே வர்றாங்க."

(இந்த இடத்தில் நான் தாளைக் கிழித்து அவர் மேசையில் எறிந்ததாக ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்படி நடக்கவில்லை. 'சரி சார்' என்றேன். பத்தியை நீக்கிவிட்டேன்.)

4

மூன்றாம் நாள் காலை செலிப்பா தேவாலயத்துக்குப் போடும் உடுப்பில் வந்தாள். ஓட்டுநர் யோபேக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன இது, செலிப்பா?" என்றார் கிரெக்.

"தாள்ல என் புருஷன் இருக்காரு சார். நான் வர வேண்டாமா?"

விருந்தாளிகள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரெக் சிரித்து மழுப்பினார். வண்டி கிளம்பியது.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். விருந்தாளிகள் அழுதிருந்தார்கள். ஒருவரும் புகைப்படத்தைக் காட்டிப் பேசவில்லை. செலிப்பா உடுப்பை மாற்றிக்கொண்டு மிச்சமிருந்த படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போனாள்.

யானைக்கு எதிரே வண்டி நின்றதும் அவள் எழுந்து நின்று பேசியதை, மதியம் யோபே என்னிடம் சொன்னான். ஒரு சொல் விடாமல் சொன்னான்.

5

மறுவாரம் கிரெக் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு உற்சாகம்.

"புதுசா ஒண்ணு சேக்கலாம். 'செலிப்பாவுடன் ஒரு காலை.' ரெண்டு வரி எழுதிக் குடு. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

பெயரைப் போட இடமில்லாத தாளில் கண்ணீருக்கு இடம் வந்துவிட்டது.

செலிப்பாவிடம் போய்ச் சொன்னேன். கரி இஸ்திரிப்பெட்டியை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அங்க பேசினது எனக்கும் லாக்சனுக்கும். வண்டில இருந்தவங்க காதுல விழுந்தா அது அவங்க பாடு. நடந்தத வேணா எழுது. நான் பேசினத எழுதாத."

"எங்கயுமா?"

"எங்கயுமே."

இந்த முறை கிரெக்கிடம் முடியாது என்றேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த வெள்ளைத் தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

முறைப்படி அவள் சொன்னதோடுதான் இந்தக் கதை முடிய வேண்டும். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் யானையைச் சபிக்கிறாள். ஒன்றில் மன்னிக்கிறாள். இன்னொன்றில் அதனிடம் ஒரு கேள்வி —

மூன்றும் நான் கட்டியவை. (இரண்டாவது உங்களுக்குப் பிடித்திருக்கும். கிரெக்குக்கும் அதுதான் பிடிக்கும்.) நிஜம் என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன்.

நீங்களும் எங்கிருந்தோ வந்து, ஒரு பெண் வாய் திறக்கட்டும் என்று வசதியாக உட்கார்ந்து காத்திருக்கிறீர்கள். வண்டி இதற்கு மேல் போகாது. இறங்கிக்கொள்ளுங்கள்.