இனியனின் பெயர் வளையம்

முழுநிலா நாளின் மாலைப்பொழுது. அண்ணாமலையின் செம்பாறைகள் வெயில் தணிந்து சாம்பல் நிறம் கொள்ள, கோபுரங்களின் நிழல் தெருக்களைக் கடந்து நீள, மலைவலம் வரும் மக்கள் செங்கம் சாலையை இரு கரையும் நிறைத்து நடந்துகொண்டிருந்தனர். அந்நெரிசலைக் கடந்து கடைத்தெருவுக்குப் போய் மீள்வது அன்று யாராலும் ஆகாத செயல்.

அன்பரே, அச்சாலையோரத்து வீடொன்றின் மாடியறையில் கீதாஞ்சலி என்னும் பெண் ஊசியும் கையுமாய்க் கலங்கி அமர்ந்திருந்தாள். கீழே அவள் நாத்தனார் ரேணுகாம்பாளின் மகனைத் தொட்டிலிட்டுப் பெயர் சூட்ட உறவினர் கூடிக்கொண்டிருந்தனர். ‘இனியன்’ என்னும் பெயரைக் குறுக்குத் தையலில் இழைத்து, சிறு மரவளையத்தில் பொருத்தி, தொட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட வேண்டும். ரேணுகாம்பாளே விரும்பிக் கேட்டது அது. மாமியார் சரசுவுக்கோ மனமில்லை. சென்ற ஆண்டு, பிறந்தும் அழாமலே அடங்கிப்போன மகனைப் பறிகொடுத்தவள் கீதாஞ்சலி. அவள் கை பட்டதைப் பச்சிளங்குழந்தையின் அருகே வைக்கலாமா என்று உறவினர் முணுமுணுத்தது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தையல் கெட்டுப்போனால் அந்தப் பேச்சே மெய்யென்றாகிவிடும் என அஞ்சினாள்.

கெடும் நிலைக்கு வந்தும்விட்டது. கட்டம் கட்டமாக நெய்த அத்துணியை வளையத்தின் அளவுக்கே வெட்டிவிட்டாள். உள்ளும் புறமுமான இரு வளையங்களும் கவ்விப் பிடிக்க விளிம்பு வேண்டுமென்பதை மறந்துபோனாள். முதல் சில எழுத்துகளைக் கையிலேயே பிடித்து ஒருவாறு தைத்தாயிற்று. இப்போது துணி சுருங்கி, ஓர இழைகள் பிரிய, வளையத்தின் திருகாணியை எவ்வளவு முறுக்கினும் நழுவியது. சுற்றிலும் ஒட்டுத்துணி தைத்தால் வளையம் பற்றும். கைக்குக் கிடைத்தவையோ வழுக்கும் பட்டும் தடித்த போர்வையுமே.

நெடுநேரம் தயங்கியபின் பெட்டியின் அடியிலிருந்து மெல்லிய வெள்ளைத்துணி ஒன்றை எடுத்தாள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதென்று, கணவனின் பழைய வேட்டியைத் துவைத்து மென்மையாக்கி, பச்சை நூலால் ஓரம் மடித்து, அவள் பிள்ளைக்கெனச் சரசுவே தைத்துக் கொடுத்தது. ஒருநாளும் பயன்படவில்லை. அதைக் கிழிக்கையில் கீதாஞ்சலிக்கு நெஞ்சே அறுந்தது. பெயர் முடிந்ததும் ஒட்டுத்துணியை வெட்டிவிட்டு, வளையத்தில் பசையிட்டு ஒட்டிக்கொள்ளலாம், யாரும் அறியார் என்று தேற்றிக்கொண்டு நாற்புறமும் இணைத்தாள். துணி விறைத்து நின்றது.

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துக் கத்தரியை எடுத்தபோது வாயிலில் சரசு நின்றிருந்தாள். பச்சை நூலை அவள் கண்கள் உடனே கண்டுகொண்டன.

“இதுவா புள்ள தலமாட்டுல தொங்கப்போவுது?”

குரல் உயரவில்லை. கீதாஞ்சலி கத்தரியைத் துணியருகே கொண்டுபோனாள்.

“வெட்டிடறேன் அத்த. ஒரு நூலுகூட இருக்காது.”

மகனைத் தோளில் சாய்த்தபடி பின்னால் வந்த ரேணுகாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அண்ணியின் கையிலிருந்த கத்தரியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“வெட்டாதீங்க அண்ணி, உள்ள மடிச்சித் தெச்சிடுங்க. மாமன் ஊட்டுத் துணிதான மொதல்ல தொட்டிலுக்கு வரணும்? இது இவன் மச்சானோடது.”

சரசு தரையில் அமர்ந்து, வளையத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, வெள்ளை விளிம்பை உட்புறமாக மடித்துப் பிடித்துக்கொண்டு, ஊசிக்காக மருமகளிடம் கை நீட்டினாள். கீதாஞ்சலி அழுதுகொண்டே கொடுத்தாள்.

தொட்டில் ஆடியபோது வந்தவர் எல்லாரும் முன்புறத்துப் பெயரைப் படித்து மகிழ்ந்தனர். பின்புறத்தை அறிந்தவர் அப்பெண்டிர் மூவரே. பெயர் பெறாமலே போன பிள்ளைக்கும் அவ்வீட்டில் இடமுண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, தைத்து வைத்தனர்.