நல்லா இருக்கேன்னு சொல்லாதே

உதவிக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டே அக்கா ஓய்ந்துபோனாள். இவரைக் கேளுங்கள், அவரைக் கேளுங்கள் என்று பந்தாடினார்கள். காக்கவைத்து அவர்கள் போடும் பாட்டு, அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இஸ்திரி போடும்போதும் காதுக்குள் ஓடியது. கடைசியில், நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார்கள்.

தம்பி பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் கால்களில் பாதி பலம் போயிற்று. வலது கையும் சொன்னபடி கேட்பதில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஓர் உதவியாளர் வந்து அவனைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போவார். அவர் இனியும் வருவாரா என்பதுதான் கேள்வி.

"ஆபீஸ்லேருந்து அந்தம்மா வந்தா வீறாப்பு காட்டாதடா. உள்ளதைச் சொல்லு."

"சரி, சரி. அழுது வேற காட்டணுமா?"

அதிகாரியம்மா வந்தார். நல்ல மாதிரிதான். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நல்லா இருக்கேன் மேடம்."

"சட்டையெல்லாம் நீங்களே போட்டுக்குவீங்களா?"

"ஓ, போட்டுக்குவேனே."

"நடப்பீங்களா?"

மேஜையைப் பிடித்து எழுந்தவன், ஊன்றுகோலைத் தொடாமல் அடுப்படி வாசல்வரை போய்விட்டான். "டீ போடட்டுமா மேடம்?" முதுகுப் பக்கம் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

'உன்னால முடியும்டா' என்று சொல்லிச் சொல்லியே அவனை எழுப்பி உட்காரவைத்தவள் அக்கா. இப்போது அதே வாயால் 'அவனால முடியாது, முடியாது' என்று சொல்ல வேண்டும். சொன்னாள். பொத்தான் போட வராது. ஒரு நாள் குளியலறையில் விழுந்து, அவள் வரும்வரை ஈரத்திலேயே கிடந்தான். சில நாள் படுக்கையும் நனைந்துவிடுகிறது. தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அதிகாரியம்மா போனதும் கேட்டான்: "படுக்கை விஷயத்தையும் சொல்லணுமாக்கா?"

"சொல்லலைன்னா காலையில யாருடா வருவா?"

சமாதானம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அதிகாரியம்மா போனில் கூப்பிட்டார். "நீங்க சொல்றதும் அவர் சொல்றதும் ஒத்துப்போகலைம்மா. அவர் வாயாலேயே கேட்டுக்கறேன்."

அக்கா போனை நீட்டிவிட்டு, செருப்போடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையால் போனை வாங்கினான்.

"மேடம், நேத்து நடந்து காட்டினேன்ல? நீங்க போனப்புறம் எந்திரிக்கவே முடியலை. தனியா குளிக்க முடியாது. பொத்தான் போட முடியாது. படுக்கை... எங்கக்கா சொன்னது அத்தனையும் நெசம்."

அடுத்த வாரம் பதில் வந்தது. உதவியாளர் தொடர்ந்து வருவார். ஆனால் ஒரு வருஷத்துக்குத்தான்.

"மறுபடி வந்து கேப்பாங்களேடா!" என்றாள் அக்கா.

"கேக்கட்டும். நான் பேசிக்கறேன். நீ கடைக்குக் கிளம்பு, நேரமாச்சு."

அக்கா கிளம்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதலாளி கத்தினா கத்தட்டும்," என்றாள். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."